ஆவுடைத்தாயின் அவசரம்

அறிவிப்பு மலையாளத்தில் இருந்தது. ஆவுடைத்தாய்க்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. திருவனந்தபுரத்துக்கு வந்து பதினோர் ஆண்டுகள் ஆகியும், பேருந்தின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை அவள் எழுத்துக் கூட்டிப் படித்ததில்லை. நடத்துநரின் கூவலை வைத்தே கரமனைக்கும் கிழக்கேகோட்டைக்கும் போய் வந்தாள். ஆகவே, மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாள் முத்திரை வைத்த காகிதம் என்பதை மட்டும் புரிந்துகொண்டு, பக்கத்தில் நின்ற, கூட வேலை பார்க்கும் மாடம்மாளைப் பார்த்தாள்.

மாடம்மாளுக்கும் மலையாள எழுத்து தெரியாது. "லீவு கீவு விட்டிருப்பாவளோ?" என்றாள்.

"முத்திர குத்தி லீவு விடுவாவளாக்கும்? இது வேற என்னமோ."

மேட்ரன் வந்து வாசித்துச் சொன்ன பிறகுதான் விஷயம் தெளிவாயிற்று. மருத்துவமனை தரச்சான்றுக்கு விண்ணப்பித்திருந்தது. அதன்படி, அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் அறையில், அடுத்த ஆண்டு ஜூலை முப்பத்தொன்றாம் தேதிக்குப் பிறகு, முறையான டிப்ளமோ பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லாவிட்டால் அறை வெளியாள் வசம் போய்விடும். இப்போது இருப்பவர்கள் துப்புரவுப் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள். சம்பளம் குறையாது, வேலையும் போகாது.

"சம்பளம் கொறையாதுல்லா? பெறகென்ன! வெந்நியில நிக்கதுக்குப் பதிலா வராந்தாவுல காத்தாடக் கூட்டலாம்" என்று மாடம்மாள் சிரித்தாள்.

ஆவுடைத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. துடைப்பத்தோடுதான் அவள் அந்த மருத்துவமனைக்குள் முதலில் நுழைந்தாள். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள், கிருமிநீக்கும் அறையில் ஆள் குறைந்ததால், பாத்திரம் கழுவத் தெரியுமா என்று கேட்டு அவளை உள்ளே அழைத்தார்கள். போனவள் திரும்பவில்லை. இரத்தம் காய்ந்த கத்திரிகளையும் இடுக்கிகளையும் மூட்டு மூட்டாகத் திறந்து தேய்ப்பாள். பச்சைத் துணியில் உறைபோல மடித்துப் பொதிகளாக்கி, மேலே கோடு போட்ட டேப்பை ஒட்டுவாள். பிறகு அவற்றை ஆட்டோகிளேவ் என்னும் பெரிய நீராவிக் கலத்துக்குள் அடுக்குவாள். வெந்து வெளியே வரும்போது டேப்பிலிருக்கும் கோடுகள் கறுத்திருக்கும். ஒன்பது ஆண்டுகளில் அந்த மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடியை வெட்டிய கத்திரிகளில் முக்கால்வாசி அவள் கைபட்டுப் போனவை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பிரசவ வார்டைக் கடக்கும்போது மட்டும் தன்னையறியாமல் கொஞ்சம் மெதுவாக நடப்பாள்.

அந்த வேலை போய்விடும் என்பதுதான் அவளை உறுத்தியது. என்ன செய்யலாம் என்று மேட்ரனிடமே கேட்டாள். நேமம் போகும் வழியில் ஒரு கலைக் கல்லூரி இருப்பதாகவும், அங்கே பகல் வகுப்புகள் முடிந்த பிறகு அதே கட்டடத்தில் சமுதாயக் கல்லூரி ஒன்று நடப்பதாகவும், கிருமிநீக்கத் தொழில்நுட்பத்தில் ஓராண்டு டிப்ளமோ அங்கே உண்டு என்றும் அவர் சொன்னார். வயது வரம்பு இல்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். வேலை பார்த்துக்கொண்டே மாலை நான்கு முதல் ஏழு வரை படிக்கலாம். செய்முறைப் பயிற்சியைத் தான் வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே முடித்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் ஆவுடைத்தாயிடம் இருந்தது. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இரண்டாவது மாணவியாகத் தேறியவள் அவள். கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியிருந்தது. அந்தக் கோடையிலேயே பால்பாண்டியின் வீட்டார் பெண் கேட்டும் வந்துவிட்டார்கள். சான்றிதழ் பெட்டிக்குள் போயிற்று. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, கரமனை வாடகை வீட்டில் அதை எடுத்து மேசைமேல் வைத்தபோது, விழிஞ்ஞம் துறைமுக வேலையிலிருந்து திரும்பியிருந்த பால்பாண்டி தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்தான்.

"என்னட்டி, காலேஜா? எம் பொண்டாட்டி காலேஜுக்குப் போறான்னு சைட்டுல சொன்னம்னா, பயலுவ பொண்ணு கேட்டு வந்துருவானுவளே!"

"வந்தா நல்ல எடமாப் பாத்துக் குடுங்க. இங்க ஒண்ணும் தேறல."

அவன் சிரித்துக்கொண்டே சான்றிதழின் மூலையில் இருந்த மடிப்பை விரலால் நீவிவிட்டான். பிறகு, "போயிட்டு வா தாயி. கேக்கதுல என்ன இருக்கு" என்றான்.

சேர்க்கையின் கடைசி நாளில்தான் அவளுக்கு நேரம் வாய்த்தது. ஏழு மணிக்குத் தொடங்கும் காலைப் பணி மூன்று மணிக்கு முடிந்ததும், சீருடையின் மேல் ஒரு துப்பட்டாவைப் போர்த்துக்கொண்டு பேருந்தில் ஏறினாள். கல்லூரியின் தரைத்தளத்தில் ஒரு மேசை; அதன் பின்னால் மெலிந்த உடலும் பெரிய கண்ணாடியுமாக ஓர் இளம்பெண். அவள்தான் அந்தப் படிப்பின் பொறுப்பாசிரியை, நீது. இருபத்தெட்டு வயதுக்கு மேல் இராது. மேசையில் விண்ணப்பங்கள் குவிந்து கிடந்தன. தொலைபேசி விடாமல் அடித்தது. மற்றப் படிப்புகளுக்கு வந்தவர்களும் அதே மேசையின் முன்னால்தான் நின்றார்கள். ஆவுடைத்தாயின் முறை வந்தபோது அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீது அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டினாள். தமிழ்நாட்டுச் சான்றிதழ், பழைய மதிப்பெண் பட்டியல், மருத்துவமனைக் கடிதம். முகத்தில் குழப்பம் தெரிந்தது. தொலைபேசி மறுபடியும் அடித்தது. ஆவுடைத்தாய்க்குச் சங்கடமாகப் போயிற்று. பிறருடைய நேரத்தைத் தான் பிடித்துவைத்திருப்பதுபோல் தோன்றவே, ஒதுங்கி நின்று, தனக்குத் தெரிந்த மலையாளத்தில் மரியாதையாகச் சொன்னாள்:

"ஆத்யம் அவரெ நோக்கூ டீச்சரே. எனிக்கு அவசரம் இல்லா."

முதலில் அவர்களைப் பாருங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்பது அவள் கருத்து. ஆனால் நீதுவின் கை அப்படியே நின்றது. அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆவுடைத்தாயை ஏறிட்டுப் பார்த்தாள்.

"சேச்சி இவிடெ இருக்கூ" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். பின்னால் நின்றவர்களிடம், "ஐந்து நிமிஷம்" என்றாள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஆவுடைத்தாய்க்குக் கனவு போலிருந்தது. எத்தனை ஆண்டுகளாக அந்த வேலை, என்னென்ன கருவிகள், ஒரு நாளைக்கு எத்தனை பொதிகள் என்று நீது கேட்டாள், கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டாள். சான்றிதழின் நகலை ஒளியில் பிடித்துப் பார்த்து, "கெமிஸ்ட்ரியில நூற்றி எண்பத்தி ரெண்டோ!" என்று வியந்தாள். பின்னர் விண்ணப்பத்தின் ஓரத்தில் மலையாளத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டாள். முப்பது இடங்களில் மிஞ்சியிருந்த கடைசி இடம் ஆவுடைத்தாயுடையதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அவள் பால்பாண்டியிடம் சொன்னாள்: "பொறுமைக்கு இம்புட்டு மதிப்புன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். எல்லாரும் முண்டிக்கிட்டு நிக்காவ. நான் அவசரம் இல்லன்னு ஒதுங்கினேன். ஒடனே அந்த டீச்சரு நாற்காலி போட்டு உக்கார வச்சிட்டாவ!"

"நானும் ஒரு நாள் சைட்டுல அவசரம் இல்லன்னு ஒதுங்கிப் பாக்கேன். இஞ்சினீயரு நாற்காலி போடுதானா, நடையக் கட்டச் சொல்லுதானான்னு தெரிஞ்சிரும்" என்றான் பால்பாண்டி.

ஆகஸ்டில் வகுப்புகள் தொடங்கின. பகலில் இளங்கலை மாணவர்கள் அமரும் அதே பலகைகளில், மாலையில் வேறொரு கூட்டம் அமர்ந்தது. இரண்டு ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்த ஒருவர், பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற ராகேஷ், கோட்டைக்குள் அக்கிரகாரத்திலிருந்து வரும் இருபத்தொரு வயது திவ்யலட்சுமி. பணியுடை களைய நேரமில்லாமல் அப்படியே வந்து அமர்பவர்களும், கொட்டாவியை நோட்டுப் புத்தகத்தால் மறைப்பவர்களும் இருந்தார்கள். ஐந்தரை மணிக்குப் பத்து நிமிட இடைவேளையில் எல்லோருமாக எதிர்க்கடைக்குப் போய்ச் சாயா குடிப்பார்கள். வகுப்பில் மூத்தவள் ஆவுடைத்தாய். 'தாயி சேச்சி' என்று எல்லோரும் அழைக்க, திவ்யலட்சுமி மட்டும் தமிழில் 'அக்கா' என்றாள்.

பாடக் குறிப்புகள் பாதி ஆங்கிலத்திலும் பாதி மலையாளத்திலும் இருந்ததால், முதல் இரண்டு மாதங்கள் ஆவுடைத்தாய் எழுத்தோடு போராடினாள். ஒரு வரித் தமிழெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி மலையாள எழுத்து என்று திவ்யலட்சுமி அவளுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தாள். அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, அரிசி கொதிக்கும் நேரத்தில் படித்தாள். நவம்பரில் ஒரு நாள், கிழக்கேகோட்டையில் நின்ற அரசுப் பேருந்தின் நெற்றியைப் பார்த்துத் தானாக, "நெ...ய்...யா...ற்...றி...ன்...க...ர" என்று வாசித்துவிட்டாள். அந்தப் பேருந்தில் அவள் ஏற வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் அது கிளம்பிப் போகும்வரை நின்று பார்த்தாள்.

எழுத்தைவிடப் பெரிய இன்பம் ஒன்று அவளுக்குக் காத்திருந்தது. நீராவிக் கலம் நின்றதும் பொதிகளை உடனே வெளியே எடுக்கக் கூடாது. கதவைச் சற்றே திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் விட வேண்டும். இது ஒன்பது ஆண்டுகளாக அவள் செய்து வந்ததுதான். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஏன் என்று அவளும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. நீது ஒரு மாலை அதற்கு விடை சொன்னாள். சூடான பொதியைக் குளிர்ந்த பலகையில் வைத்தால் உள்ளிருக்கும் ஆவி நீராகும். நனைந்த துணியின் வழியே கையிலிருக்கும் கிருமி உள்ளே ஏறிவிடும். டேப் கறுத்திருப்பது பொதி வெப்பத்துக்குள் போய் வந்தது என்பதற்கு மட்டுமே அடையாளம். உள்ளே ஈரம் இருந்தால், மேலே எத்தனை கறுப்பாக இருந்தாலும் அந்தப் பொதி தள்ளுபடி.

ஆவுடைத்தாய் எழுதுவதை நிறுத்திவிட்டாள். தன் கைகள் இத்தனை நாள் சரியாகத்தான் இருந்திருக்கின்றன என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. எழுந்து நின்று, "டீச்சரே, ஒரு காரியம்" என்றாள். எஃகுக் கிண்ணங்களை மல்லாக்க வைத்து மடித்தால் எப்போதும் மூலையில் ஈரம் தங்கும் என்றும், சாய்த்துச் செருகினால் தங்காது என்றும் சொன்னாள். நீது கரும்பலகைக்குத் திரும்பி அதைப் படமாக வரைந்தாள். கீழே 'தாயி சேச்சி' என்று பெயரும் எழுதினாள். ஆம்புலன்ஸ்காரர்கள் கை தட்டினார்கள். மறுநாள் பகல் வகுப்புக்கு வந்த வரலாற்று மாணவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து என்ன நினைத்தார்களோ தெரியாது.

மார்ச் மாதத்தில் தேர்வு விண்ணப்பங்கள் வந்தன. விவரங்களைச் சரிபார்ப்பதற்காக ஒவ்வொருவரின் சேர்க்கைக் கோப்பையும் கையில் கொடுத்தார்கள். ஆவுடைத்தாய் தன் பழைய விண்ணப்பத்தைப் புரட்டினாள். அதன் ஓரத்தில் நீது அன்று எழுதிய வரி இருந்தது. அப்போது கோடுகளாகத் தெரிந்தவை இப்போது எழுத்துகளாகத் தெரிந்தன. விரலை வைத்துக் கூட்டிப் படித்தாள்: 'இவர்க்கு அவசரம் நல்கணம்.'

மறுபடியும் படித்தாள். நல்குதல் என்றால் கொடுத்தல். இவருக்கு அவசரம் கொடுக்க வேண்டும்? அவசரத்தை எப்படிக் கொடுப்பார்கள்? அவளோ அவசரமில்லை என்றல்லவா சொன்னாள்!

"திவ்யா, இங்க பாரேன். அவசரம் இல்லன்னு சொன்னவளுக்கு அவசரத்தக் குடுன்னு எழுதியிருக்காவளே, இது என்ன கூத்து?"

திவ்யலட்சுமி எட்டிப் பார்த்தாள். "நீங்க என்னன்னு சொன்னேள் அக்கா?"

"எனிக்கு அவசரம் இல்லா, அவங்கள மொதல்ல பாருங்கன்னு சொன்னேன்."

திவ்யலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. கண்ணில் நீர் வரச் சிரித்து முடித்து, "ஐயோ அக்கா! மலையாளத்துல அவசரம்னா ஹர்ரி இல்லை. சான்ஸ்! வாய்ப்பு! 'அவாளைப் பாருங்கோ, எனக்கு வாய்ப்பே இல்லை'ன்னு நீங்க சொன்னதா அவா எடுத்துண்டிருக்கா. அதான் இவருக்கு வாய்ப்புக் கொடுக்கணும்னு எழுதியிருக்கா!" என்றாள்.

ஆவுடைத்தாய் திகைத்துப் போனாள். பதினோர் ஆண்டுகளாக மருத்துவமனையில் எல்லோரும் 'அர்ஜெண்ட்' என்றே சொல்வதால், அவசரத்துக்கு மலையாளத்தில் வேறு சொல் இருக்கக்கூடும் என்ற எண்ணமே அவளுக்கு வந்ததில்லை.

திவ்யலட்சுமிக்கு அது வேடிக்கை. ஆவுடைத்தாய்க்கு அப்படி இல்லை. வீடு திரும்பும்போது பேருந்தில் சன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. தன் சோகத்தைச் சொல்லி இரங்க வைத்து அவள் அந்த இடத்தைக் கேட்கவில்லை. ஆனால் கிடைத்தது அப்படித்தான் என்று ஆகிறதே! சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எண்ணிக் கொடுத்த இடம் செல்லுமா? விண்ணப்பத்தில் பிழை இருப்பதாகத் தெரிந்தால், தேர்வு எழுத விடாமல் நிறுத்திவிடுவார்களோ? ஜூலை முப்பத்தொன்றுக்கு நான்கு மாதங்களே இருந்தன.

"பேசாம இரி" என்றான் பால்பாண்டி. "எட்டு மாசம் முடிஞ்சிட்டு. இனிமே போயி, நான் சொன்னது அது இல்லன்னு சொல்லுவியாக்கும்?"

"மேல கறுத்திருக்குன்னு உள்ள ஈரத்தோட அனுப்ப முடியுமா? நாளைக்குச் சொல்லிட்டுத்தான் மறுவேல."

அவள் பேசுவது எதைப் பற்றி என்பது அவனுக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலில் அவள் பேசினால் மாற்ற முடியாது என்பது தெரியும்.

மறுநாள் வகுப்புக்கு முன்னால் நீதுவின் அறைக்குப் போனாள். நின்றபடியே, தமிழும் மலையாளமும் கலந்து, ஒன்றும் விடாமல் சொன்னாள். தான் அன்று சொன்னது இந்தப் பொருளில், தமிழில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இது, இரக்கம் தேடிச் சொன்னதில்லை, தேர்வுக்கு முன்னால் டீச்சருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. சொல்லி முடித்துவிட்டு, அடையாள அட்டையைக் கழற்றித் தந்துவிட வேண்டுமோ என்பதுபோல் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நீது மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். "என்றெ தைவமே! எத்தனை தமிழ் சினிமா பார்த்திருக்கேன், இது தெரிஞ்சில்லல்லோ எனிக்கு!" என்றாள் பாதித் தமிழில். பின்பு அவளை உட்காரச் சொல்லி, உள்ளதை உள்ளபடியே கூறினாள். கடைசி இடத்தை மேசை காலியாகும்வரை வைத்திருந்து, யார் மதிப்பெண் கூடுதலோ அவர்களுக்குக் கொடுப்பதாகத்தான் அன்று நினைத்திருந்தாளாம். அந்தச் சொல் காதில் விழாவிட்டால் விண்ணப்பத்தை அடியில் சேர்த்துவிட்டு அடுத்தவரைப் பார்த்திருப்பாளாம். சொல்தான் தன் கையை நிறுத்தியது. ஆனால் நிறுத்தி உட்கார வைத்துப் பார்த்தபோது, விண்ணப்பத்தில் ஒன்பது ஆண்டு வேலை இருந்தது. அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்பது கல்லூரியின் விதியும்கூட.

"அன்னு சேச்சி பறஞ்ஞது தெற்றா" என்றாள் நீது. "பக்ஷே நேராயிருன்னு."

சொன்ன சொல் பிழை, சொன்ன செய்தி உண்மை. வாய்ப்பு இல்லாமல்தானே இருந்தது? ஆவுடைத்தாய் கழுத்துக் கயிற்றை விட்டுவிட்டு, "வகுப்புக்கு நேரமாச்சு டீச்சரே" என்று எழுந்துகொண்டாள்.

மே மாதம் தேர்வுகள் நடந்தன. ஜூன் நடுவில் முடிவு வந்தது. ஐந்து தாள்களில் நான்கில் ஆவுடைத்தாய் நல்ல மதிப்பெண்களோடு தேறியிருந்தாள். செய்முறையில் வகுப்பிலேயே முதல். நுண்ணுயிரியல் தாளில் மட்டும் ஆறு மதிப்பெண்கள் குறைந்து தவறியிருந்தாள். காரணம் அவளுக்கே தெரியும். முதல் இரண்டு வினாக்களுக்கும், ஒரு பொதியை மடிப்பதுபோல் ஓரம் பிசகாமல், நிறுத்தி நிதானமாக எழுதிக்கொண்டிருந்தாள். மணி அடித்தபோது மூன்று வினாக்கள் தொடப்படாமலே கிடந்தன.

மருத்துவமனையில் மாடம்மாள் அதைக் கேட்டு, "நான் அப்பமே சொன்னேன்லா? வராந்தாவே நமக்குப் போதும். சரி விடு, ரெண்டு வாரியலாச் சேத்து வாங்கிருவோம்" என்றாள். துடைப்பத்தைக் கேலியாகச் சொன்னாலும், அன்று ஆவுடைத்தாயின் பங்குக் கருவிகளையும் அவளே கழுவி வைத்தாள்.

கல்லூரிக்குப் போய்த் தவறியதைச் சொல்ல ஆவுடைத்தாய்க்குக் கால் வரவில்லை. ஒருவழியாகப் போனபோது, அறிவிப்புப் பலகையில் புதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. கூட்டிப் படிக்க வேண்டிய தேவை இப்போது இல்லை; பார்த்தவுடன் படித்தாள். 'ரண்டாம் அவசரம்' என்பது தலைப்பு. தேறிய தாள்கள் அப்படியே நிற்கும். அவற்றின் கிரெடிட்டுகள் வீணாகா. தவறிய தாளை மட்டும் ஜூலை எட்டாம் தேதி மறுபடியும் எழுதலாம். முடிவு இருபத்தேழாம் தேதி.

அவள் அந்தத் தலைப்பையே பார்த்துக்கொண்டு நிற்க, பின்னால் நீதுவின் குரல் கேட்டது: "சேச்சிக்கு இப்போள் அவசரம் உண்டு. தெரக்குதான் இல்லா!"

வாய்ப்பு இருக்கிறது, வேகம்தான் இல்லை என்று பொருள். கண்ணில் திரண்டிருந்த நீரோடு ஆவுடைத்தாய் சிரித்துவிட்டாள்.

அந்த மூன்று வாரங்களும் பால்பாண்டியின் கையில் இருந்தன. துறைமுக வேலையில் கல் லாரி வந்து நின்றால், அடுத்த லாரி வருவதற்குள் இறக்கி முடித்தாக வேண்டும். தனக்குத் தெரிந்த அந்த முறையையே அவன் வீட்டில் புகுத்தினான். ஒரு வினாவுக்கு இருபத்தைந்து நிமிடம் என்று கைப்பேசியில் மணி வைத்தான். அவள் எழுத எழுத எதிரே உட்கார்ந்துகொண்டு, "லாரி வந்துட்டு! எறக்கு! அடுத்த வண்டி ஹாரன் அடிக்கான்!" என்று கத்தினான்.

"செத்த நேரம் வாய மூடுங்க. பாக்டீரியா பயந்து ஓடுது."

"ஓடட்டும். அதத்தான ஒங்க காலேஜுல சொல்லிக் குடுக்காவ? மூணாவது லோடு எங்க?"

பக்கத்து வீட்டிலிருந்து யாரோ சுவரைத் தட்டினார்கள். சங்கரன்கோவிலில் சித்தி வீட்டில் தங்கிப் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் கௌசல்யா தொலைபேசியில் பேசும்போது இந்தச் சத்தத்தைக் கேட்டு, "அப்பாவ என் பரிட்சைக்கு மட்டும் வரவச்சிராதம்மா" என்று கெஞ்சினாள்.

ஜூலை எட்டாம் தேதி, ஐந்து வினாக்களையும் எழுதி முடித்து, நூலால் தாள்களைக் கட்டவும் ஆவுடைத்தாய்க்கு நான்கு நிமிடம் மிச்சமிருந்தது. இருபத்தேழாம் தேதி முடிவு வந்தபோது அவள் கையுறையோடு நீராவிக் கலத்தின் முன் நின்றிருந்தாள். கைப்பேசியைத் தொடக் கூடாத நேரம். மேட்ரன்தான் கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஆவுடைத்தாய் தலையை ஆட்டினாள். பிறகு, கதவைச் சற்றே திறந்து வைத்து, பொதிகள் உலரும்வரை காத்திருந்தாள். காத்திருந்த அந்த நேரம் முழுவதும் அவள் அழுதாள் என்று மாடம்மாள் பின்னர் எல்லோரிடமும் சொன்னாள்.

ஜூலை முப்பத்தொன்று வந்து போயிற்று. கிருமிநீக்கும் அறை ஆவுடைத்தாயின் பொறுப்பிலேயே நின்றது. அடையாள அட்டையில் அவள் பெயருக்குக் கீழே 'டெக்னீஷியன்' என்று அச்சாயிற்று. டிப்ளமோ பெற்ற ஒருவர் பொறுப்பில் இருப்பதால், உதவிக்கு இருப்பவர் ஓராண்டுக்குள் சான்றிதழ்ப் படிப்பையாவது தொடங்கினால் போதும் என்று மேட்ரன் மேலிடத்தில் பேசி முடித்தார். அந்த உதவியாள் மாடம்மாள்.

அந்த டிப்ளமோவை வைத்து அதே கல்லூரியில் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம் என்று நீது சொல்லியிருக்கிறாள். ஆவுடைத்தாய் விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாள். பழைய பெட்டியில் வைக்கவில்லை. சமையலறைச் சுவரில், நிறம் மங்கிப்போன எழுத்துத் தாளுக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறாள். அவள் நன்றி சொல்ல வேண்டியவர்களின் வரிசை நீளமானது. அவள் எல்லோருக்கும் முன்னால் வைப்பது, பகலில் பிள்ளைகள் கிறுக்கிவிட்டுப் போன பலகைகளை மாலையில் தன்னைப் போன்றவர்களுக்காகத் துடைத்து வைக்கும் அந்தக் கட்டடத்தைத்தான். நேமம் பேருந்தில் அதைக் கடக்கும்போது, பிரசவ வார்டைக் கடக்கும்போது மெதுவாக நடப்பதுபோல, அவள் சற்றே நிமிர்ந்து உட்காருவாள்.

ஆகஸ்டு முதல் வாரத்தில், பணி முடிந்து, மாடம்மாளை அவளே அங்கே அழைத்துப் போனாள். மாடம்மாள் பத்தாம் வகுப்புத் தேறியவள். ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்புக்கு அது போதும். வழியெல்லாம், "நாப்பத்தாறு வயசுல எனக்கு எதுக்குட்டி இது? பேனா பிடிக்கவே மறந்துட்டு" என்று முனகிக்கொண்டே வந்தாள். தரைத்தளத்தில் அதே மேசை, அதே கூட்டம். நீது குவியலிலிருந்து நிமிர்ந்து பார்த்து, மாடம்மாளின் தாள்களுக்காகக் கையை நீட்டினாள்.

மாடம்மாள் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். கூச்சத்தில் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு, ஓரடி ஒதுங்கினாள்.

"அவங்கள மொதல்ல பாருங்க டீச்சரே" என்றாள். "எனிக்கு அவசரம் ஒண்ணும் இல்லா."

ஆவுடைத்தாயும் நீதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீது உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு பேனாவை எடுத்து, மாடம்மாளின் விண்ணப்பத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதத் தொடங்கினாள்.

"ஏட்டி, ஏன் ரெண்டு பேரும் சிரிக்கிய? நான் தப்பாவா சொல்லிட்டேன்?"

"இல்லக்கா" என்றாள் ஆவுடைத்தாய், நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "சரியாத்தான் சொல்லியிருக்கிய. உக்காருங்க."